தட்டிலிருந்து எடுத்த மாத்திரை

சீரியல் எடுக்கும் அந்த பங்களாவில் அவளை எல்லோரும் லேபிளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டு, டம்ளர், தலையணை, சாவிக்கொத்து என்று காட்சிக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைப்பது அவள் வேலை. ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சத்துமாவு டப்பா. நடிகைகள் பக்கம் பக்கமாக வசனம் பேசி அழுவார்கள். அத்தனை அழுகைக்கும் நடுவில் டப்பா மட்டும் லேபிள் தெரிய கேமராவைப் பார்த்து நேராக நிற்க வேண்டும். ஒரு எழுத்து மறைந்தாலும் கம்பெனிக்காரர் மறுநாளே வந்து நின்றுவிடுவார். லேபிளக்கா வைத்தால் மறையாது. வெளிச்சம் பட்டு டப்பா பளபளத்தால் முகப்பவுடரைத் தொட்டு லேசாகத் தடவி விடுவாள். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு பதமாகப் பூசியிருக்க மாட்டாள்.

கதையில் மாமியாருக்கு ரத்த அழுத்தம். ஆறு மாதமாகக் கட்டிலோடு கிடந்தாள். கட்டிலருகே தட்டு, அதில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மாத்திரை அட்டை. அந்த அட்டை லேபிளக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவள் புருஷனும் பிரஷர்காரர்தான்.

அப்புறம்தான் சத்துமாவுக் கம்பெனி உள்ளே வந்தது. கம்பெனிக்காரர் முதல் நாளே தட்டை உற்றுப் பார்த்தார்.

"அது என்னம்மா பக்கத்துல?"

"மாத்திரை சார். மாமியாருக்கு."

"எங்க டப்பா தெரியறப்ப வேற கம்பெனி சாமான் எதுவும் தெரியக் கூடாது. எடுத்துருங்க."

எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தட்டில் டப்பாவும் கரைத்த சத்துமாவும்தான். கதை எழுதுகிறவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. டைரக்டரும் சொல்லவில்லை. கதைப்படி மாமியார் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தாள், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் மாமியார் கட்டிலை விட்டு எழுந்தாள். மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறினாள். நாலாவது வாரம் மருமகளை ஓங்கி அறைந்தாள். அந்த அறை ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

வீட்டில் ஏழு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார் அவள் புருஷன். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர்; ஓய்வு பெற்ற பிறகு அவருக்கிருந்த ஒரே பெருமை பெண்டாட்டிதான். கதையை அவர் பார்ப்பதில்லை, சாமான்களைத்தான் பார்ப்பார். "இன்னைக்குத் தட்டு பளிச்சுனு இருந்துச்சும்மா," என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் அவள் கையை அடையாளம் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் அவர். லேசாக நசுங்கிய டப்பாக்களைக் கம்பெனி சும்மா கொடுத்தது. அவளும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் காலையும் மாலையும் கரைத்துக் குடித்தார். சரி, நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு அறை வைத்த பெட்டியில் போட்டு வைப்பாள். அடுத்த ஞாயிறு பெட்டி காலியாக இருக்கும். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவர் குளியலறை வாசலில் விழுந்தார். படப்பிடிப்பில் லேபிளக்கா போனை அணைத்து வைத்திருந்தாள். மகள்தான் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். லேபிளக்கா போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வலது கையும் காலும் போயிருந்தன, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"பிரஷர் எக்கச்சக்கமா இருந்திருக்கு," என்றார் டாக்டர். "மாத்திரை ஒழுங்கா எடுத்தாரா?"

"நானே போட்டு வைப்பேன் சார். ஒரு நாள்கூட விட்டதில்ல." அடித்துச் சொன்னாள்.

மகள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் ஒரு பழைய காக்கிச் சட்டையை அம்மாவின் மடியில் வைத்தாள். அதன் பையில் மாத்திரைகள் கனத்தன. இரண்டு மாதத்து மாத்திரைகள், ஒன்று குறையவில்லை.

மாத்திரை என்றால் அவருக்கு எட்டிக்காய் என்பது தெரியும். ஆனால் கள்ளத்தனம் பண்ணுகிற மனிதர் இல்லையே! நாலாம் நாள் அவருக்கு நாக்கு கொஞ்சம் திரும்பியது. நர்ஸ் நீட்டிய மாத்திரையைப் பார்த்து உதட்டை இறுக மூடிக்கொண்டார். நர்ஸ் கெஞ்சினாள், மகள் அதட்டினாள். அவர் இடது கையால் லேபிளக்காவைக் காட்டினார்.

"நீதான... எடுத்த."

"நான் எதைங்க எடுத்தேன்?"

"தட்டுல... மாத்திரைய. டப்பாதான்... வெச்ச. வீட்டுக்கும்... கொண்டாந்த. டெஸ்ட் எடுத்து... நல்லா இருக்குன்னு... உனக்கு... சொல்லலாம்னு..."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பூமி பிளந்து உள்ளே போயிருந்தால் தேவலை. எத்தனை சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாராட்டை வாங்கிக்கொண்டாள்! ஏன் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே. சொல்லாவிட்டால் இனி அவர் வாயைத் திறக்க மாட்டார். சொன்னால், அவருக்கென்று இருக்கிற ஒரே பெருமையும் போய்விடும்.

சொன்னாள்.

"அது பொய்ங்க. வேற கம்பெனி பேரு தெரியக் கூடாதுன்னாங்க, எடுத்தேன். அந்த அம்மா எழுந்து நடக்குறது நடிப்புங்க. நெசத்துல அவங்களும் மாத்திரை போடுறவங்கதான். சீரியல்ல டப்பாவுலேருந்து எடுத்து நாங்க கரைக்கிறது வெறும் கோதுமை மாவு."

அவர் வாயைத் திறந்தார். நர்ஸ் மாத்திரையைப் போட்டாள். விழுங்கியதும் கண்களில் நீர் வழிந்தது.

"கண்டக்டர்கிட்ட... சொல்லிட்டேன்," என்றார். "அவனும்... நிறுத்திட்டான். என் பெண்டாட்டி... வைக்கிறதுன்னு... சொன்னேன். நீ போ."

கண்டக்டர் அவரோடு பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவர். லேபிளக்கா புடவைகூட மாற்றாமல் ஆட்டோ பிடித்துப் போனாள். அவர் வீட்டுக் கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, விளம்பரம். மேஜை மேல் அதே டப்பா, நசுங்காதது, காசு கொடுத்து வாங்கியது.

"வா தங்கச்சி. அவனுக்கு இப்ப எப்படி இருக்கு? நாளைக்கு வரலாம்னு இருந்தேன்."

"அண்ணே, நீங்க உடனே மாத்திரை போடணும். அவரு நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சு." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பெனிக்காரர் சொன்னது, தட்டிலிருந்து எடுத்தது, கோதுமை மாவு, ஒன்று விடாமல் சொன்னாள்.

கண்டக்டர் பொறுமையாகக் கேட்டார். சமையலறையிலிருந்து அவர் மனைவியும் வந்து நின்று கேட்டாள்.

"பாவம், ரொம்பக் கலங்கிப் போயிருக்க," என்றார் அவர். "அவனுக்கு வந்தது அவன் தலையெழுத்து தங்கச்சி. நீ எதுக்குப் பழியத் தூக்கி உன் தலைல போட்டுக்கிற? எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு."

"அவருக்கும் அப்படித்தாண்ணே இருந்துச்சு! ஒரே ஒரு மாத்திரை, இப்பவே, என் கண்ணு முன்னால போட்டுக்கங்க."

"சரி சரி, போடுறேன். கொஞ்சம் உட்காரு, சீரியல் ஆரம்பிச்சிருச்சு."

பாட்டு முடிந்தது. திரையில் மாமியார் விடுவிடுவென்று மாடிப்படி இறங்கி வந்தாள். மருமகள் தட்டை நீட்டினாள். போன மாதம் எடுத்த காட்சி. லேபிளக்காவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. தட்டில் டப்பா நேராக, ஒரு எழுத்து மறையாமல் நின்றது.

"நீயே பாரு," என்றார் கண்டக்டர், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்படிக் கிடந்த அம்மா இது!"