தகர வேலிக்கு மேலே ஏறும் கல்

ஒன்பது மணி ரயில் பாலத்தில் ஏறியதும், கிரேன்காரர் நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். ஆள் உயரக் கான்கிரீட் கட்டி ஒன்று தகர வேலிக்கு மேலே தலைகாட்டி, நிதானமாக மேலே போனது. ரயில் மறைந்ததும் அதே கட்டியைக் கீழே இறக்கினார். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை இதுதான் வேலை. வேலிக்கு உள்ளே வேறொன்றும் கிடையாது, வெறும் புல். ஆனாலும் ரயிலில் போகிறவர்கள் அங்கே பெரிய கட்டிடம் எழும்புகிறது என்று சத்தியம் செய்தார்கள். ஒரே கல் எப்படி ஊர் கண்ணுக்கு நூறாகிறது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

அந்தப் புல் இருந்த இடத்தில்தான் அவர் மனைவியின் தையல் கடை இருந்தது. பன்னிரண்டு மெஷின். இடிக்க வந்த அன்று கவுன்சிலர் மைக்கில், "நாலு கிழிசல் துணிக்காக ஊர் முன்னேற்றத்த நிறுத்தணுமா?" என்று கேட்க, கூட்டம் கைதட்டியது. இப்போது அவள் யாரோ ஒருவருடைய கம்பெனியில் பொத்தான் தைக்கிறாள். கவுன்சிலர் மறுபடி நிற்கிறார். சுவரொட்டியில் அவர் தலைக்குப் பின்னால் இந்தக் கிரேன்தான். ஓட்டுக்கு இன்னும் பத்து நாள்.

"அவன் தோக்கணும்," என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி. "கட்டிடமே இல்ல, ஒரே கல்லுதான் ஏறி எறங்குது," என்றார் கிரேன்காரர்.

சாப்பிட வந்திருந்த மச்சினன் சிரித்தான். "அக்கா கடை போன கோவத்துல பேசறீங்க மாமா. நான் டெய்லி ரெண்டு வேளை ரயில்ல போறவன். ஒரு தடவகூட கல்லு எறங்கி நான் பாத்ததில்ல. ஏறிக்கிட்டேதான் இருக்கு."

"எங்க எறங்கும்? நீ போனப்புறம்ல எறங்குது."

"அப்போ பேங்க்காரன் முட்டாளா? கிரேனப் பாத்துட்டுதானே என் ஹார்டுவேர் கடைக்கு லோன் குடுத்தான்."

அதுவும் பொய்யில்லை. கல்லைப் பார்த்து நிலத்தின் விலை ஏறியது. விலையைப் பார்த்து வங்கி கடன் கொடுத்தது. கடனில் நாலு கடை திறந்தது. கடைகளைக் காட்டிக் கவுன்சிலர், "இதுதான் வளர்ச்சி," என்றார். நம்பிக்கை போனால் வந்த வழியே எல்லாம் திரும்பும். மச்சினன் கடையும் சேர்ந்துதான். கிரேன்காரர் மனைவியின் விரல்களைப் பார்த்தார். ஊசி குத்திய தழும்பு புதிதாக இரண்டு.

மறுநாள் ரயில் போகும்போதே கல்லை இறக்கிப் பார்த்தார். பலிக்கவில்லை. "கட்டிடத்து மேல கரெக்டா எறக்கி வெக்கறாங்க மாமா, செம வேகம்!" என்று மச்சினன் போன் செய்தான். சூப்பர்வைசர் திட்டியதுதான் மிச்சம்.

அன்று மாலை கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று விளங்கியது. எல்லாரும் கல்லைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் நேற்றுப் பார்த்த கல்தான் இது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை. சாம்பல் கல் எல்லாம் ஒரே மாதிரி. ஒளித்து வைத்தது வேலி இல்லை, கல்லின் நிறம்.

காலையில் சிவப்புப் பெயின்டும் அகலத் தூரிகையுமாக அவர் கல்லைச் சுற்றி வருவதைச் சூப்பர்வைசர் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"கல்லுக்கு நம்பர் போடறேன் தம்பி. பெரிய சைட்ல எல்லாம் போடுவாங்க."

"அட, நல்லாருக்கே! நெறைய கல்லு இருக்கற மாதிரி தெரியும். போடுங்க, போடுங்க."

கல்லின் நாலு பக்கமும், பாலத்திலிருந்து படிக்கும் அளவுக்கு, ஆள் உயரத்தில் 1 என்று எழுதினார். முதல் ரயில் வந்தது. கல்லை ஏற்றினார். ஓட்டுக்கு முன் எட்டு நாளில் நூற்று இருபத்தெட்டு தடவை ஏற்றுவார். இரண்டாம் நம்பர் கல் வரவே வராது.