புனித ப்ரோகன் கழகத்தின் மாசற்ற வரலாறு

திங்கட்கிழமை காலையில் இறைச்சித் தொழிற்சாலையின் எலும்பு நீக்கும் கூடத்தில் யாரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவதில்லை. அயர்லாந்தில் அடுத்தடுத்த ஊர்க்காரர்களான ட்ரம்காஷல்காரர்களும் க்ளூன்ரோகாரர்களும் ஒரே நீள மேஜையின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்கிறவர்கள். எல்லோர் கையிலும் கத்தி இருக்கிறது. முந்தின நாள் மைதானத்தில் யார் யாருடைய விலாவில் முட்டியை ஏற்றினார்கள் என்பது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். உள்ளே மாடு மட்டும்தான் வெட்டுப்படும்.

மாலக்கி டூஹி கொக்கியிலிருந்து இறங்கிய முன்னங்காலை இழுத்துப் போட்டு, தோள்பட்டை எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினான். பதினாறு வயதில் பிடித்த கத்தி. இப்போது முப்பத்தாறு. மதியத்துக்குமேல் வலது தோள் மரத்துப்போகிறது. தோள் போனவனை இந்த மேஜை வைத்துக்கொள்ளாது. எதிரே கோல்ம் ஹெனகன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அவன் பங்கு இறைச்சி அங்கே குவிந்துகொண்டே வந்தது. எல்லோரும் அதைச் சுற்றியிருந்ததைப் பார்த்தார்களே தவிர, அதைப் பார்க்கவில்லை.

கோல்மின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

ட்ரம்காஷலின் புனித ப்ரோகன் கழகத்துக்கும் க்ளூன்ரோவுக்கும் இடையிலான கேலிக் கால்பந்து இறுதியாட்டம் மழையில் நடந்தது. பத்து நிமிடத்தில் சட்டை எண்கள் சேற்றில் மறைந்துவிட்டன. க்ளூன்ரோவின் கோல்மை ஒட்டி நின்று பந்தை எட்டவிடாமல் தடுப்பது மாலக்கியின் வேலை. பதினோரு வருடமாக அதுதான் அவன் வேலை. பந்துக்குத் தாவும்போது முழங்கையால் ஒன்று, இறங்கும்போது குதிகாலால் ஒன்று என்று கொடுத்தான். கோல்மும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தான். க்ளூன்ரோவின் மூத்தவன் ஒருவன் காது கிழிந்து, அதை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தபடியே ஆடினான். ட்ரம்காஷலின் கோல்காவலன் இரண்டு முறை வாந்தியெடுத்தான். கடைசி நேரத்தில் கோல்ம் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது, பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைச் சுற்றி வந்து வாயில் இறங்கியது. உலர்ந்த விறகு முறிவதைப் போல ஒரு சத்தம். கோல்ம் முகம் குப்புற விழுந்தான். அவனைப் புரட்டிப் போட்டபோது வாயிலிருந்து ரத்தமும் சேறும் சேர்ந்து வழிந்தன. பல் ஒன்று புல்லில் கிடந்தது. நடுவர் ஓடி வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பேர்: ஒருவன் மாலக்கி. இன்னொருவன் ரோனன் கில்ஹூலி, கழகத் தலைவரின் மகன். அவன் கையை உதறிக்கொண்டிருந்தான்.

கழகத் தலைவர்தான் தொழிற்சாலைக்கும் முதலாளி. ஆனால் அவரை முதலாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எல்லோரும் ஃபெர்கல் என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாதவர்களை அவர் நினைவில் வைத்துக்கொள்வார்.

பத்து மணி டீக்கு முன்னால் அவர் மாலக்கியை மாடி அறைக்கு அழைத்தார். ப்ரெண்டர்காஸ்ட் வாத்தியாரும் அங்கே இருந்தார். கழகத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர் அவர். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் நடந்த முதல் ஆட்டத்தில், க்ளூன்ரோகாரர்களும் ட்ரம்காஷல்காரர்களும் ஒன்றுகூடி நடுவரைச் சதுப்புக் குழியில் தூக்கிப் போட்டார்கள். அதை வாத்தியார், 'ஈரம் காரணமாக நடுவர் இடையில் விலக நேர்ந்தது' என்று எழுதியிருந்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் உடை மாற்றும் கொட்டகையிலேயே இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் மண்வெட்டியால் வெட்டிக்கொண்ட வருடத்துக்கு, 'அணியில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன' என்று ஒரு வரி.

"உக்காரு மாலக்கி," என்றார் ஃபெர்கல். "ரத்தத்தோட இருக்கேனேன்னு பாக்காத, துடைச்சா போயிடும். நேத்து நல்லா ஆடுன."

"கோல்முக்கு எப்படி இருக்கு?"

"கம்பி வெச்சு கட்டியிருக்காங்களாம். பாவம். விசாரணை வருது. நடுவருக்கு நம்பர் தெரியல, பெரிய ஆளுன்னு மட்டும் எழுதியிருக்கான். அந்த இடத்துல பெரிய ஆளு ரெண்டு பேர்தான்."

வாத்தியார் ஜன்னல் வழியாக மழையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ரோனனை மாவட்ட அணிக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றார் ஃபெர்கல். "இந்த ஊர்லேர்ந்து அப்படிப் போய் முப்பது வருஷமாச்சு. ஒரு வருஷம் தடை விழுந்தா அவன் கதை முடிஞ்சுது. உனக்கு விழுந்தா என்ன? நீ எப்படியும் இந்த வருஷத்தோட பூட்ஸைக் கழட்டுறவன்."

கேட்கவே வேண்டியதில்லை. கழகத்தில் இது வழக்கம்தான்; வரலாற்றில் மட்டும் வராது. ஆட்டத்தை விட்டுப் போகிறவன், வருகிறவனின் தடையைச் சுமக்க வேண்டும். மாலக்கி பத்தொன்பது வயதில் ஒருவனின் காறையெலும்பை முறித்தபோது, பாக்கி லவெல் என்ற கிழட்டு ஆட்டக்காரன் எழுந்து நின்று "நான்தான்" என்றான். பாக்கி அன்று அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை என்பது யாரையும் உறுத்தவில்லை.

"குளிர் அறை மேஸ்திரி கிறிஸ்துமஸோட போறான்," என்றார் ஃபெர்கல், கோட்டைச் சரிசெய்தபடி. "கத்தி வேலை இல்ல. தோளுக்கு நல்லது. அதையும் இதையும் நான் முடிச்சுப் போடல, பாத்துக்க."

"அவர் முடிச்சுப் போடல," என்றார் வாத்தியார்.

வீட்டில் அவன் மனைவி ப்ரீட் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டாள். "ஆக, அவன் குத்துனான், நீ வாங்கப்போற."

"தடைதானே. ஒரு வருஷம். ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பேன்."

"அதுவே எனக்குத் தண்டனைதான்," என்றாள். ஆனால் மேஸ்திரி வேலையைப் பற்றிச் சொன்னதும் மசிப்பதை நிறுத்தினாள்.

ஆட்டக் குழுவின் விசாரணையில் மாலக்கி எழுந்து நின்று "நான்தான்" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கோல்மின் அம்மா மட்டும் இந்த வழக்கத்தைக் கேள்விப்படாதவளாக இருந்தாள். அவள் நேரே போலீசுக்குப் போனாள்.

"சும்மா சம்பிரதாயம்," என்றார் ஃபெர்கல். "அங்க சொன்னதையே இங்கயும் சொல்லு. மாத்திச் சொன்னா கழகத்துக்குத்தான் அசிங்கம்."

மாலக்கி மாற்றிச் சொல்லவில்லை.

அந்த வாரமே கோல்மின் தம்பிகள் இரண்டு பேர் அவனைத் தீவனக் கடை முற்றத்தில் மடக்கினார்கள். மூட்டைகளுக்கு நடுவே தள்ளி, ஒருவன் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவன் அடித்தான். அவசரமில்லாமல், குழி தோண்டுகிறவனைப் போல. மூக்கு சரிந்தது. விலாவில் பூட்ஸ் இறங்கியபோது உள்ளே எதுவோ முறிந்தது. மாலக்கி கையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன சொல்லி அடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் வெளியே வந்து, கிழிந்த மூட்டையைப் பார்த்து, "அதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. குற்றவாளி என்று மட்டும் சொன்னது. மறுநாள் ஃபெர்கல் அவனை மறுபடி மாடிக்கு அழைத்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"காப்பீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க மாலக்கி. அடிதடியில தண்டனை வாங்கினவன் கையில கத்தி குடுக்கக் கூடாதாம்."

"குளிர் அறையில கத்தி இல்லையே ஃபெர்கல்."

"இல்லதான்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், அது அவருக்கு நன்றாக வரும். "ஆனா அந்த வழியா நடந்து போகணுமே. கூடத்தைத் தாண்டித்தானே அங்க போகணும்."

மாலக்கி தன் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினான். கூடத்தில் கோல்ம் வேலைக்குத் திரும்பியிருந்தான். தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கன்னம் வற்றிக் கிடந்தது. பூட்ஸ் கழுவும் தொட்டியருகே அவன் மாலக்கியின் பக்கத்தில் வந்து நின்றான். சொற்கள் எச்சிலோடு குழைந்து வந்தன.

"நீ இல்லன்னு எனக்குத் தெரியும்."

மாலக்கி திரும்பிப் பார்த்தான்.

"பதினோரு வருஷமா என்னை அடிக்கிற. ஒரு தடவ பின்னாலேர்ந்து அடிச்சிருக்கியா? உனக்கு அவ்வளவு வேகமும் கெடையாது."

"அப்ப கோர்ட்டுல வாயத் தொறந்திருக்கலாமேடா."

கோல்ம் தண்ணீர்க் குழாயை மூடினான். "நான் யாரோட மாட்டை வெட்டுறேன்?" என்று கேட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு போனான்.

வசந்த காலத்தில் ஊர் மண்டபத்தில் வரலாறு வெளியிடப்பட்டது. நாற்காலி போடவும் எடுக்கவும் மாலக்கியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனைக் கைவிட்டுவிட்டதாக யாரும் பேசிவிடக் கூடாது என்பதில் கழகம் கவனமாக இருந்தது. பாதிரியார் ஆசீர்வதித்தார். வாத்தியார் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். இறுதியாட்டம் 'ஆண்மையும் கண்ணியமும் மிக்க மோதல்' ஆகியிருந்தது. "ஒரு தனிமனிதரின் தவறு நீங்கலாக," என்று அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், "நமது கழகத்தின் பெயரில் என்றும் களங்கமில்லை." கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் மடக்கு நாற்காலிகளை அணைத்துக்கொண்டு நின்ற மாலக்கிக்குக் கைதட்டக் கை இல்லை.

மாவட்ட அணியின் கோட்டு அணிந்து ரோனன் மேஜையில் அமர்ந்து புத்தகங்களில் கையெழுத்திட்டான். பேனா பிடித்த கையின் விரல் முட்டியில், பக்கத்துப் பக்கத்தில் பல் பதிந்த இரண்டு வெள்ளைத் தழும்புகள். தொழிற்சாலை ஆட்கள் எந்த ஊரென்று பாராமல் வர வேண்டும் என்று ஃபெர்கல் சொல்லியிருந்ததால், கோல்மும் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது.

"யார் பேருக்குப்பா போடணும்?" என்றான் ரோனன், தலை நிமிராமல்.

கோல்ம் சொன்னான். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. எச்சில் முகவாயில் இறங்க, புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னான்.

ரோனன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணுமே புரியலயே. வாயத் தொறந்து நல்லாச் சொல்லு."