ஒரு கோடித் துடிப்பு

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்."

"அப்பா வர்றாருக்கா."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து விளக்கைத் தட்டியது. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து படுத்தவள் அக்கா. நாலு வசவு கொடுத்துத் திரும்பிப் படுக்கத்தான் நினைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் தூக்கம் போன இடம் தெரியவில்லை. வீட்டில் வாண்டு என்று கூப்பிடும் அந்தப் பதினைந்து வயதுக்காரி, மடிக்கணினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கட்டிலின் மூலையில் ஒடுங்கியிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி உளர்ற?"

"சிரிக்க மாட்டேன்னு சொல்லு."

"இந்நேரத்துல சிரிச்சா எனக்குத்தான் பேய் பிடிச்சிருக்குன்னு அம்மா வந்து நிப்பாங்க. சொல்லித் தொலை."

பின்னறைப் பெட்டியைப் பற்றித்தான் சொன்னாள். அளவுக்கருவிகளைப் பழுதுபார்ப்பது அப்பாவின் தொழில். அவர் தனக்கென்று செய்துகொண்டது அந்த ஒரு பெட்டிதான். பிஸ்கட் டப்பா அளவு இருக்கும். உள்ளே ஒரு படிகம், அதைச் சுற்றி எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க ஒரு குட்டி அடுப்பு. படிகம் நொடிக்கு ஒரு கோடி தடவை துடிக்க வேண்டும். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. அறையிலுள்ள மற்ற கருவியெல்லாம் அதைக் கேட்டுத்தான் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். ஒருமுறை அணைத்தால் பழைய நிதானத்துக்கு வர மாதக்கணக்காகும் என்பதால், மின்சாரம் போனாலும் நிற்காதபடி பேட்டரி வைத்திருந்தார். "ஃபிரிட்ஜை அணைச்சாலும் அணைங்க, இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்பார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்த அன்றும் அது துடித்துக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கும் துடிக்கிறது.

அவர் பாதியில் விட்ட வேலையை வாண்டு எடுத்துச் செய்தாள். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரத்தோடு பெட்டியின் துடிப்பை ஒப்பிட்டுக் கணினியில் கோடாக வரைய வைத்தாள். கோடு சமமாக ஓடினால் பெட்டி சொல்வது சத்தியம். பகலெல்லாம் குளத்துத் தண்ணீர் மாதிரி சமமாகத்தான் ஓடியது.

"ராத்திரியானா கீழ இறங்குதுக்கா. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கு. அப்புறம் தானா மேல வந்துடுது. தினமும்."

"குளிரா இருக்கும்."

"குளிர்னா மெதுவா சரியும். இது படியில கால் வைக்கிற மாதிரி இறங்குது. பெட்டியைத் தூக்கிச் சாய்ச்சாதான் அப்படி வரும். படிகத்துக்கு எது மேல, எது கீழன்னு தெரியும்னு அப்பா சொல்வாருல்ல?"

"அப்போ யாரோ தூக்குறாங்க."

"யாரு? நீ குறட்டை விடுற. அம்மா அந்த ரூம் பக்கமே திரும்ப மாட்டாங்க. குளிர் படாம மேல தெர்மாகோல் மூடி போட்டு வச்சேன். காலையில மூடி வச்சபடி இருக்கு. அப்பா சாக்பீஸ்ல கட்டம் போட்டு வச்சிருக்காருல்ல, பெட்டி அந்தக் கட்டத்துக்குள்ள இம்மி பிசகாம இருக்கு. அவரைத் தவிர யாரு அவ்வளவு சரியா வைப்பாங்கக்கா?"

அக்கா போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

பின்னறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தாள் அம்மா, வாடகைக்கு விடப்போவதாக. "அந்தச் சாமானையெல்லாம் அணைச்சு மூட்டை கட்டு" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பெட்டியை மட்டும் அணைக்க முடியாது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டவள் வாண்டு. இப்போது அதே வாயால் சொன்னாள்: "நானே அணைச்சுடறேன்கா. இன்னைக்கே. என்னால முடியல. நீ கூட வா, போதும்."

"அணைச்சா அப்பாவோட அத்தனை வருஷமும் போச்சுன்னு அழுத?"

"அழுதேன். இப்போ பயமா இருக்கு."

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். மடிக்கணினித் திரையில் கோடு இறங்கியது.

இருவரும் அதையே பார்த்தார்கள். கூடத்தில் காற்றாடி சுற்றும் சத்தத்தைத் தவிர வீட்டில் ஒரு சத்தமில்லை. அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா."

"வேணாம்கா."

"வாடி. அப்பான்னா என்ன, அடிக்கவா போறாரு?"

வெறுங்காலோடு நடந்தார்கள். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கில்லை, கருவிகளின் சின்னச் சின்னப் பச்சை வெளிச்சம்தான். அப்பாவின் முக்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வாண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அக்கா விளக்கைப் போட்டாள்.

அம்மா. மடியில் பெட்டி. ஒயர்கள் அறுந்துவிடாமல் பதவிசாக ஒதுக்கி, கைக்குழந்தையைச் சாய்த்துப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். வெளிச்சம் பட்டும் திரும்பவில்லை.

"சத்தம் போடாதீங்கடி" என்றாள்.

"அம்மா, நீங்கதானா? நான் செத்தே போயிருப்பேன்!"

"சூடா இருக்குடி." அம்மா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "வீட்டுல அவரு தொட்டதெல்லாம் ஆறிப்போச்சு. இது ஆறவே இல்ல."

அக்கா கதவு நிலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க பாரு." மேசைமேல் ஒரு முள் மீட்டர் இருந்தது. பெட்டிக்குள்ளிருக்கும் அடுப்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்ட அப்பா வைத்தது. "நான் கை வச்சா முள்ளு ஏறுது பாரு. நான் வந்திருக்கேன்னு அவருக்குத் தெரியுது."

வாண்டுவுக்குக் காரணம் தெரியும். அம்மாவின் கை எப்போதும் சில்லென்றிருக்கும். 'ஐஸ்பெட்டி' என்றுதான் அப்பா அவளைக் கூப்பிடுவார். சில்லென்ற கை பட்டால் அடுப்பு கூடுதலாக எரியும், முள் ஏறும். அவ்வளவுதான் விஷயம். சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டாள்.

"அதான் அணைச்சுடுன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "பகல்ல இந்தப் பக்கம் திரும்பாம இருந்துடறேன். ராத்திரியில கால் தானா வருது. இப்படியே விட்டா நான் உங்களோட இருக்கமாட்டேன், இதோட இருப்பேன். நீயே அணைச்சுடு, கண்ணு. என்னால முடியாது."

பெட்டியை எடுத்து, சாக்பீஸ் கட்டத்துக்குள் இம்மி பிசகாமல் வைத்தாள். எத்தனை ராத்திரி பழகிய கை அது.

சுவிட்ச் வாண்டுவின் விரலுக்குக் கீழே இருந்தது. பயந்துபோய் அணைக்கத்தான் வந்தாள். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். அழுத்தினால் முடிந்தது. அப்பாவிடம் சொல்லிவிட்டுச் செய்வதுபோல, இன்னொரு கையைப் பெட்டிமேல் வைத்தாள்.

முள் ஏறியது.

என் கையும் பயத்தில் சில்லிட்டுக் கிடக்கிறது, அதனால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வேறொன்றுமில்லை. ஆனாலும் சுவிட்சிலிருந்து விரல் தானாக விலகிவிட்டது.

"அணைக்கலைம்மா."

"ஏண்டி?"

"நீங்க வாங்க, தினமும் வாங்க. திருட்டுத்தனமா வேணாம், எங்களை எழுப்பிட்டு வாங்க, மூணு பேரும் உக்காருவோம். ஆனா தூக்காதீங்க. கையை மட்டும் வைங்க. தூக்கினா அவருக்குத் தலை சுத்தும்."

"யாருக்குடி?" என்றாள் அக்கா.

வாண்டு பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மூவரும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிமேல் இப்போது யார் கையும் இல்லை. முள் மட்டும் இறங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.