டியூப் கட்டிய கமலை

பொன்னுத்தாயின் கேழ்வரகு பால் பிடிக்கும் நேரத்தில், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையின் தோல் வால் கிழிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில். மூன்று நாள் தண்ணீர் பாயாவிட்டால் கதிரெல்லாம் பதராகிவிடும். கணவன் கொழும்பில் இருந்தான். மழைக்காலம் வரை வீட்டுக்குக் கஞ்சி அந்தக் கதிர்தான்.

"தோலு இப்பத்தான் ஆவாரம்பட்டையில ஊறுது, ஆத்தா. பத்து நாளு ஆகும்" என்றார் தோல் தைப்பவர்.

தண்ணீர் அள்ளும் கமலைச் சால் இரும்பு வாளி. அதன் அடி திறந்தே இருக்கும். அங்கே கட்டிய தோல் குழாய்தான் வால். சால் கிணற்றிலிருந்து ஏறும்போது ஒரு மெல்லிய கயிறு வாலின் நுனியை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருக்கும், தண்ணீர் ஒழுகாது. சால் உச்சிக்கு வந்ததும் நுனி கிணற்று விளிம்பில் இருக்கும் உருளையைத் தாண்டி நீளும், தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டும். வால் இல்லாத சால் வெறும் ஓட்டைத் தகரம்.

விராலிமலை பஸ் செட்டில் பஞ்சர் ஒட்டும் கொழுந்தன் செல்லமுத்து, மறுநாள் ஒரு கிழிந்த டியூபோடு வந்தான். கிழிசல் இருந்த இடத்திலேயே அறுத்தான். வளையம் நீண்ட குழாயானது. அதைச் சாலின் அடியில் வாலாகக் கட்டினான்.

மாடு ஓட்ட வந்த பக்கத்துத் தோட்டத்துச் சேவுகன் சிரித்தார். "ஏத்தா, மாட்ட அவுத்துட்டுப் பஸ்ஸப் பூட்டப் போறியா?"

"பூட்டுனா நீங்கதான் டிரைவரு. ஓட்டுங்க மாமா" என்றாள் பொன்னுத்தாய்.

முதல் சால் ஏறியது. ரப்பர் பூசணிக்காயாக உப்பி, ஒரு முழம் நீண்டு, உருளைக்குக் கீழே தொங்கியது. தொட்டியில் விழுந்தது ஒரு குடம்தான். மீதி வாலின் வயிற்றிலேயே தங்கிக் கிணற்றுக்குத் திரும்பியது.

செல்லமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. "தப்பாப் போச்சு மதினி."

பொன்னுத்தாய் உப்பிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். "பஸ்ஸுல அம்புட்டுக் காத்தடிக்கிறீகளே, அங்க ஏன் இப்படி உப்பல?"

"மேல டயரு இருக்குல்ல. அதுக்குள்ள நூலை வச்சு இறுக்கியிருக்கான், உப்ப விடாது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வீட்டில் இருந்தது ஒரே சணல் சாக்கு, அறுவடைக்கு வைத்திருந்தது. அவள் யோசிக்காமல் அதைப் பிரித்து, டியூபின் மேல் சுற்றி இறுக்கித் தைத்தாள். கோணி ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

அடுத்த சால் வந்தது. வால் உப்பவில்லை. நுனி உருளையைத் தாண்டி நிமிர்ந்தது. தண்ணீர் தொட்டியில் மொத்தமாக விழுந்த சத்தத்தில் மாடுகளே காதைத் திருப்பின. பொன்னுத்தாய் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடினாள்.

பொழுது சாயும்போது கடைசிப் பாத்தியும் நனைந்திருந்தது. மாட்டை அவிழ்த்த சேவுகன் செல்லமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏப்பா, ஒங்க செட்டுல இன்னும் கிழிஞ்சது கெடக்கா? எங்க வாலும் இத்துப்போய்த்தான் இருக்கு."