நாற்பது நிமிடம்

“பன்னிரண்டாவது கேள்வி,” என்றார் இஸ்திரிக்காரர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. “உலர்த்தும் இயந்திரம் துணியின்றி வெறுமனே இயக்கப்படுவது உண்டா?”

தரையில் போட்ட மெத்தையில் கண்மூடிக் கிடந்த மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து தண்ணீருக்குக்கூட வாய் திறக்காதவள்.

“இல்லைன்னு போடுங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடக் கிடையாது. கொட்டை எழுத்துல போடுங்க.”

கொட்டையாகவே எழுதினார். லாண்டரி அவர் பெயரில் இருந்தது. அதிகாரம் அவள் பெயரில். மின்கட்டணம் ஒரே வருடத்தில் இரண்டு மடங்கானபோது, சிறு கடைகளுக்கு அரசு பாதியைத் தாங்கப்போகிறது என்று செய்தித்தாளில் கண்டுபிடித்தவளும் அவள்தான். மின்சாரத்தை வீணாக்காத கடைகளுக்கு மட்டும் சலுகை. படிவம் இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கிடைக்காவிட்டால் டிரையரை விற்றாக வேண்டும். டிரையரை விற்றால் கடையில் மிஞ்சுவது இவர் ஒருவர்தான், இவரை எவன் வாங்குவான் என்று போன மாதம்தான் கேட்டிருந்தாள்.

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று படிவம், மற்றது நாளை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

கடைசிக் கேள்வியும் முடிந்தது. “கால் ஜில்லுங்குது,” என்றாள்.

ஏற்கெனவே மூன்று போர்வை. டிரையர் சரியாக இந்த அறைக்குக் கீழே இருந்தது. முன்பெல்லாம் பகல் முழுக்க ஓடும், மாடித் தரை இதமாகச் சுடும். அவள் வெறுங்காலோடுதான் நடப்பாள். இப்போது நாளுக்கு ஒரு முறைதான். இன்று கடையே சாத்தியிருந்தது. ஈரத்துணி ஒன்றுகூட இல்லை.

இஸ்திரிக்காரர் இறங்கிப் போனார். டிரையரைத் திறந்து, வெற்று வயிற்றைப் பார்த்தார். மூடினார். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குமிழைத் திருகினார்.

மேலே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தரை சூடேறியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு பாதம் வெளியே வந்து தரையைத் தொட்டது.

“என்ன ஓடுது?”

“ஓட்டல் விரிப்பு. அவசரமாம்.”

அவள் காதைக் கொடுத்தாள். டிரம்முக்குள் துணி விழும் சத்தத்தை வைத்தே எத்தனை உருப்படி என்று சொல்லிவிடுபவள். கீழே வெறும் உறுமல்தான். இவர் படிவத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப லேசான விரிப்பு போல.”

“ஆமா. புது மாதிரி.”

இன்னொரு பாதமும் வெளியே வந்தது.

“சரி,” என்றாள். “பாதியில நிறுத்திடாதீங்க.”

டிரையர் நாற்பது நிமிடம் ஓடி, மணியடித்து ஓய்ந்தது. அவள் மூச்சு அதற்குச் சற்று முன்பே ஓய்ந்திருந்தது. பாதங்கள் இரண்டும் சூடாக இருந்தன.

மைத்துனி வந்து அழுது, அக்காளின் தலைமாட்டில் உட்கார்ந்தபோது மணி நாலேகால். இஸ்திரிக்காரர் மடிப்புக் கலையாத சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்பப் போயா அத்தான்?”

“அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. விட்டா உங்க அக்கா எந்திரிச்சுப் போயிடுவா.”

அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் பன்னிரண்டாம் கேள்வியில் நின்றாள். கொட்டையான ‘இல்லை’ அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘ஆம், ஒரு முறை’ என்றிருந்தது.

“ஏன் சார் நீங்களா போய் மாட்டிக்கிறீங்க? இல்லைன்னே விட்டிருக்கலாமே.”

“ஓடுச்சும்மா.”

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

“இதுக்கெல்லாம் படிவத்தைத் தள்ள மாட்டாங்க.” ஓரத்தில் குறித்துக்கொண்டாள். “காரணம்?”

அவர் சற்று யோசித்தார்.

“குளிரா இருந்துச்சு.”

அதையும் எழுதி, முத்திரை குத்தினாள்.

வெளியே வரும் வழியில் காத்திருப்போர் அறை காலியாகக் கிடந்தது. வெயில் இருக்கும்போதே விளக்கு எரிந்தது. இஸ்திரிக்காரர் சுவர் ஓரமாக நடந்து, ஸ்விட்சைத் தேடிக் கண்டுபிடித்து, அணைத்துவிட்டுப் போனார்.