வெட்டிய வரி

இலக்கியச் சங்கப் போட்டியில் நிஷ்மியாவின் சிறுகதைக்கு முதல் பரிசு என்று முடிவாகி, பிறகு சந்தேகம் வந்துவிட்டது. கதை நன்றாக இருந்ததுதான் காரணம். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடையில் நிற்கும் பெண்ணுக்கு இவ்வளவு வருமா, இல்லை ஃபோனிலிருக்கும் ஏஐ எழுதிக் கொடுத்ததா என்று சங்கத் தலைவர் மகேந்திரராஜா கேட்டார். செயலாளர் சசிக்குமார் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அவள் ஒரு சாக்குப் பையோடு வந்து மேசையில் கொட்டினாள். கடையில் பழுதாய்ப்போன போட்டோகொப்பித் தாள்களின் பின்பக்கத்தில் பதினொரு தடவை எழுதிய கதை. அடித்தல், அம்புக்குறி, தேத்தண்ணிக் கறை.

தலைவர் இரண்டு விரலால் ஒரு தாளைத் தூக்கினார்.

"என்ன பிள்ளை இது? பிறவி எழுத்தாளனுக்கு அடித்தல் வராது. நான் ஒரே மூச்சில எழுதுவன். திருப்பிப் பாக்கிறதேயில்லை."

அவருடைய ஒன்பது புத்தகங்களை வாசித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வாசித்தவர் சசிக்குமார் ஒருவர்தான். புரூஃப் பார்த்தவர் அவர்.

"எனக்கு வரும் சேர். நல்லாவே வரும்," என்றாள் நிஷ்மியா.

முதல் பிரதியில் தலைவரின் விரல் நின்றது, முகம் மலர்ந்தது. "'கதிரவன் தன் பொற்கரங்களால் பூமித்தாயின் நெற்றியில் திலகமிட்டான்.' ஆஹா! இதை ஏன் வெட்டினீர்?"

"கதையில அன்னைக்கி மழை, சேர்."

சசிக்குமாருக்கு இருமல் வந்தது.

"மழையெண்டா என்ன? இந்த வரியைத் திருப்பிப் போடும். முதல் பரிசு, சங்க மலரில முதல் பக்கம். இல்லாட்டி ரெண்டாம் பரிசு, கடைசிப் பக்கம்."

முதல் பக்கத்தில் மகளின் கதை வரப்போகிறதென்று உம்மா ஏற்கெனவே பல்லேபொல ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் அந்த வரியை வெட்ட நிஷ்மியாவுக்கு மூன்று நாள் பிடித்திருந்தது. எழுதியபோது அவளுக்கும் அது அழகாகத்தான் பட்டது. அப்படிப் பத்துத் தடவை கேவலமாக எழுதியபிறகுதான் கதை எங்கே இருக்கிறதென்றே தெரிந்தது.

"இந்தக் குப்பையிலதான் சேர் நான் எழுதப் படிச்சேன். ரெண்டாம் பரிசையே தாங்க. அந்த வரி உள்ளுக்கு வராது."

"இவ்வளவு பிடிவாதமோ! நீர் அனுப்பின சுத்தப் பிரதியை ஒருக்கா வாசிச்சுப் பாரும். குறை விளங்கும்."

அவள் வாசித்தாள். முகம் சுருங்கியது. தலைவரின் பேனையையே எடுத்து, கடைசிப் பந்தியில் இரண்டு வரியை அடித்தாள்.

"மெய்தான் சேர், இதுவும் வேணாம். நல்லவேளை சொன்னீங்க."

அவள் முதல் பக்கத்தைப் புரட்டிப் பேனையை ஊன்ற, சசிக்குமார் பாய்ந்து தாள்களைப் பிடுங்கினார்.

"போதும் தங்கச்சி, அச்சகத்துல காத்துக்கிட்டு இருக்காங்க! இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா ஒங்க பேரு மட்டுந்தான் மிஞ்சும்."

"குடுங்க அண்ணே," கையை நீட்டியபடியே நின்றாள் நிஷ்மியா. "இன்னும் ஒரே ஒரு இடம்."