பச்சைத் துணி சுற்றிய கத்தரிக்கோல்

போதைப்பொருள் வழக்கில், யாரையும் அடிக்காமல் மிரட்டாமல் உள்ளே போனவர்களுக்குத் தண்டனையைக் குறைக்கப் புதுச் சட்டம் வந்துவிட்டது. தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருடம் வாங்கிய தம்பி ஐந்தை முடித்துவிட்டான். மனு ஏற்கப்பட்டால் இந்த மாதமே வெளியே வந்துவிடுவான். அவனுக்கு ஒரு சட்டைகூட வெட்டித் தைத்துவிட்டாள். பழைய அளவுதான். ஜெயில் சாப்பாட்டில் யார் பெருத்துவிடப் போகிறார்கள்?

மனு எழுதும் வக்கீலம்மா, கோப்போடு கடைக்கே வந்தார். முகம் சரியில்லை.

"அக்கா, இது தேறாது போலிருக்கு. பையில பொட்டலத்தோட கத்தரிக்கோலும் இருந்திருக்கு. ஆயுதம்னு எழுதிட்டாங்க. ஆயுதம் இருந்தா குறைக்க மாட்டாங்க."

"அய்யய்யோ, அது துணி வெட்டுற கத்தரிம்மா!"

"யாரோடது?"

சாணை பிடித்து வாடா என்று அதைத் தம்பி பையில் திணித்தவளே தையற்காரிதான். அடியில் என்ன இருந்தது என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது. ஆனால் போலீஸ் வந்தபோது குலை நடுங்கி, "அந்தப் பையை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்ல" என்றாள். கோர்ட்டில் கூண்டேறியும் அதையேதான் சொன்னாள். அந்தப் படுபாவிப் பயலும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது, "புதுக் கத்தரி வாங்கிட்டியாக்கா?" என்று மட்டும் கேட்டான். அவளும் சிரித்து வைத்தாள்.

"என்னோடதுன்னு சொன்னா?"

"பொய் சாட்சின்னு உங்க மேல கேஸ் வரும். உங்களையும் உள்ளே போடலாம். அவர் வெளிய வருவார்னு உறுதியும் இல்ல. நிதானமா யோசிங்கக்கா."

கோப்பில் அந்தக் கத்தரியின் படம் இருந்தது. விரல் காய்க்காமலிருக்கக் கட்டைவிரல் வளையத்தில் அவள் சுற்றிய பச்சைத் துணி, அப்படியே இருந்தது. ஐந்து வருடம் யோசித்தாயிற்று, இன்னும் என்ன யோசனை? மேசையிலிருந்த புதுக் கத்தரியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே பச்சைத் துணி, அதே சுற்று.

"எழுதிக்கங்கம்மா. என்னோடதுதான்."

கையெழுத்துப் போட்டாள். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். மெஷின் மேல் கிடந்த சட்டையைப் பார்த்தாள்.

"பொத்தான் தைக்கணும், காஜா எடுக்கணும். அதுவரைக்கும் என்னை விட்டு வைப்பாங்களாம்மா?"